அம்மாவின் டிபிஎஸ் ஆபரேஷன்: நாலு வருஷம் கழித்து ஒரு விமர்சனம்

ஆபரேஷன் முடிந்த மறுவாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். ஆறாவது மாதம் எழுதச் சொல்லியிருந்தால் இரண்டுகூடப் போட்டிருக்க மாட்டேன். பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் கம்பி வைத்துக் கரண்ட் கொடுக்கும் டிபிஎஸ் (டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்) ஆபரேஷனைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது முதல் வாரத்துக் கதைகள்தான், கை உதறிக்கொண்டே உள்ளே போனவர் தம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வெளியே வருகிற வீடியோக்கள். அவை பொய் இல்லை. எங்கள் வீட்டு செல்போனிலும் அப்படி ஒரு வீடியோ இருக்கிறது. ஆனால் அதற்கு அப்புறம் வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு, அதனால் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நான் எழுதுகிறேன். ஆபரேஷன் 2021 நவம்பரில், பெங்களூரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. அதற்கு முன்னால் இன்னொரு ஆஸ்பத்திரியிலும் ஏறி இறங்கினோம். இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. டாக்டர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பெயரைவிட அங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

அம்மாவுக்கு இப்போது 66 வயது. வாணியம்பாடியிலிருந்து கல்யாணத்துக்கு முன்பே வேலைக்காக பெங்களூர் வந்தவர். ஜாலஹள்ளி எச்எம்டி வாட்ச் ஃபேக்டரியில் அசெம்ப்ளியில் இருந்தார். ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு எள்ளைவிடச் சின்னத் திருகாணியை ட்வீசரில் எடுத்து அதன் இடத்தில் உட்காரவைக்கிற வேலை, நாளெல்லாம் அதுதான். அந்தக் கைக்குத்தான் இந்த நோய் வந்தது. முதலில் வந்தது நடுக்கம் இல்லை, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2011 வாக்கில் அம்மாவுக்கு வாசனை தெரியாமல் போனது. பால் தீய்ந்து வீடே நாறினாலும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருப்பார். நாங்கள் சைனஸ் என்று நினைத்தோம். அப்புறம் எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது, வரியின் தொடக்கத்தில் ஒரு அளவு, கடைசியில் எறும்பு அளவு. பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். 2013-ல் வலது கட்டைவிரல் தானாக உருட்ட ஆரம்பித்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். ஊரில் பாட்டி காலத்து ஆட்கள் நடுக்குவாதம், கம்பவாதம் என்று சொன்னது இதைத்தான்.

சின்டோபா மாத்திரை ஆரம்பித்து முதல் நாலைந்து வருஷம் நன்றாகவே போனது. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைந்துபோவதால் வருகிற நோய் இது, மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வருஷம் ஆக ஆக ஒரு மாத்திரை தாங்குகிற நேரம் சுருங்கிவிடுகிறது. 2019 வாக்கில் அம்மா ஒரு நாளைக்கு ஏழு வேளை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தை ஆன் என்றும், செய்யாத நேரத்தை ஆஃப் என்றும் டாக்டர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் வந்தாச்சு, கரண்ட் போயிடுச்சு. கரண்ட் போனால் அம்மா நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருப்பார், பாத்ரூம் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நகராது, அண்ணன் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் கறுப்பு டேப்பைக் குறுக்குக் குறுக்காக ஒட்டிவைத்தான், அந்தக் கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் கால் எழும்பும். கரண்ட் அதிகமாக வந்தால் இன்னொரு கஷ்டம். உடம்பு முழுக்க நெளியும், தலை சுழலும், எதிர்வீட்டு அம்மா ஒருநாள் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக் கற்பூரம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பருப்பு, பால், முட்டை சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் அது ஏறவே ஏறாது, புரதமும் லெவோடோபாவும் உடம்பில் ஒரே வழியில் நுழையப் போட்டி போடுவதால். ஆக காலை இட்லிக்கு சாம்பார் இல்லாமல் காரச் சட்னி மட்டும் என்று இரண்டு வருஷம் ஓட்டினோம். நாளில் ஆறு மணி நேரம் ஆஃப், மூன்று மணி நேரம் ஆட்டம். மீதி நேரம்தான் அம்மா.

இந்த நிலையில்தான் டிபிஎஸ் பேச்சு வந்தது. மூளைக்குள் ஆழத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியை இறக்கி, தோலுக்கு அடியில் கழுத்து வழியாக ஒயரைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே ஒரு பேட்டரியில் சேர்த்துவிடுவார்கள். அது ஓயாமல் சின்னச் சின்னதாக மின்துடிப்பு அனுப்பிக்கொண்டே இருக்கும். மாமா கேட்டதும் கத்தினார், மூளையில் கம்பி விட்டு நம்ம அக்காவை வைத்துப் பரிசோதனை பண்ணுகிறார்களா என்று. அவருக்காகத்தான் நான் உட்கார்ந்து படித்தேன். பிரான்சில் க்ரெனோபிள் நகரத்தில் அலிம் லூயி பெனாபிட் என்ற டாக்டர் 1987-ல் நடுக்கத்துக்காக மூளையின் ஒரு புள்ளியைச் சுடப் போகும்போது, சரியான இடம்தானா என்று பார்க்க முதலில் கரண்ட் விட்டுப் பார்த்திருக்கிறார், வேகமான துடிப்பில் நடுக்கம் அங்கேயே நின்றுவிட்டது. சுட வேண்டியதே இல்லை என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அமெரிக்காவில் நடுக்கத்துக்கு 1997-லும், முற்றிய பார்க்கின்சனுக்கு 2002-லும் அனுமதி கிடைத்தது. நம் பக்கத்திலும் இது நேற்று வந்த விஷயம் இல்லை. நாட்டின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ்.கனகா சென்னையில் 1975-லேயே மூளைக்குள் நிரந்தர மின்முனை பொருத்தியவர். மெட்ராஸ்காரம்மா அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார் என்றதும் மாமா சமாதானமாகிவிட்டார். அம்மாவும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் பளபளவென்று ஒரு கையேடு கொடுத்தார்கள். ஒரு பெண் வந்து உட்கார்ந்து ரூம் வகை, பேக்கேஜ், தவணை எல்லாம் சொன்னார். டாக்டர் ஏழு நிமிடம் பார்த்தார். பண்ணிட்டா நோய் அப்படியே நின்னுடும், மாத்திரையையே மறந்துடலாம் என்றார். இது தவறு. டிபிஎஸ் நோயை நிறுத்தாது, அது உள்ளே தன் போக்கில் நடந்துகொண்டேதான் இருக்கும், அறிகுறிகளைத்தான் பிடித்துவைக்கும். மாத்திரை குறையும், அனேகம் பேருக்கு நிற்காது. அன்று எனக்கு இது தெரியாது. தெரியாமலே எழுந்து வந்ததற்குக் காரணம், அம்மாவை ஒருமுறைகூட அவர் நடக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது இடத்தில் நடந்ததே வேறு. முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரை நிறுத்தி, காலையில் அப்படியே கல்லாகக் கூட்டிவரச் சொன்னார்கள். கையைத் திற மூடு, விரலைத் தட்டு, எழுந்து நட, பின்னாலிருந்து இழுத்தால் சமாளிக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார்கள். அப்புறம் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதே பரீட்சையை மறுபடி வைத்தார்கள். மாத்திரையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் தெரிய வேண்டும், தெரியாதவர்களுக்குக் கம்பி வைத்தும் பெரிதாகப் பலன் இருக்காது, சில பேருக்கு அது பார்க்கின்சனே இல்லாமல் அதைப் போலவே வரும் வேறு நோயாகவும் இருக்கலாம் என்றார்கள். அம்மாவுக்குப் பாதிக்கு மேல் வந்தது. ஞாபகப் பரீட்சை தனி, மனநல டாக்டர் பார்த்தது தனி. மறதி நோய் தொடங்கியிருந்தாலோ, மனச்சோர்வு கடுமையாக இருந்தாலோ செய்ய மாட்டார்கள். இந்தப் பரீட்சைகள் இல்லாமல் யாராவது தேதி குறித்தால் தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் அந்த டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டார். இடது பக்கம் எழுதியது: நடுக்கம், இறுக்கம், மந்தம், ஆட்டம், ஆஃப் நேரம். வலது பக்கம் எழுதியது: பேச்சு, பேலன்ஸ், விழுங்குவது, ஞாபகம், மலச்சிக்கல். இடது பக்கத்துக்கு நான் பொறுப்பு, வலது பக்கம் குறையாது, சிலது கூடவும் செய்யலாம், இதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். மாத்திரை சரிசெய்வதைத்தான் கம்பியும் சரிசெய்யும், நடுக்கம் மட்டும் மாத்திரைக்கு அடங்காவிட்டாலும் கம்பிக்கு அடங்கும் என்று ஒரே வரியில் விளக்கினார். அந்தச் சீட்டு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எண்களையும் அவரே காட்டினார். அமெரிக்காவில் 255 பேரை வைத்து நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், டிபிஎஸ் செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் ஆட்டத் தொல்லை இல்லாத நல்ல நேரம் நாளுக்கு 4.6 மணி நேரம் கூடியிருக்கிறது, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு எதுவும் கூடவில்லை. அதே ஆய்வில் கடுமையான பக்கவிளைவு டிபிஎஸ் பக்கம் 40 சதவீதம், மாத்திரைப் பக்கம் 11. பெரும்பாலானவை சரியாகிவிட்டன, ஆனால் ஒருவர் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். இதையும் அவர் மறைக்கவில்லை. அண்ணன் அந்த 4.6-ஐப் பிடித்துக்கொண்டான், நான் அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு வாரம் வீட்டில் சரியாகப் பேச்சே இல்லை. முடிவு எடுத்தது அம்மா. இப்படியே இருந்தாலும் நான் பாதி நாள் இல்லாமல்தானே இருக்கேன் என்றார்.

பணம். மொத்தம் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது, அதில் பெரும்பங்கு அந்தக் கருவியின் விலை. இன்சூரன்ஸ் ஆள் முதலில் போனில் இது கவராகாது என்றார். விடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் போட்ட விதியில், பாலிசியிலிருந்து விலக்கக்கூடாத 12 நவீன சிகிச்சைகளில் டிபிஎஸ் ஒன்று. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, எங்கள் பாலிசியில் பாதி வரைதான் இருந்தது. கையில் பணம் கம்மி என்றால் முதலில் பெங்களூரில் அரசு நடத்தும் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் விசாரியுங்கள், அங்கேயும் இந்த அறுவை நடக்கிறது. பேட்டரியில் இரண்டு வகை. சார்ஜ் செய்ய முடியாதது மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வரும், தீர்ந்ததும் மார்பில் தோலைத் திறந்து மாற்ற வேண்டும், திரும்பப் பணம். சார்ஜ் செய்கிறது விலை அதிகம், 15 வருஷம் வரை வரும். நாங்கள் சார்ஜ் வகை எடுத்தோம். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் அம்மா தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு சீரியல் பார்க்கிறார், சீரியல் முடியும்போது சார்ஜும் முடிகிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, மறதி இருப்பவர்களுக்கு இது சரிவராது.

ஆபரேஷன் நாளைப் பற்றி அம்மா சொன்னதைத்தான் எழுத முடியும், எங்களைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்திவிட்டார்கள், கோவிட் காலம் வேறு. தலையை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, நாலு இடத்தில் திருகி ஒரு உலோகச் சட்டத்தை மாட்டினார்கள். அந்தச் சட்டத்தோடு ஸ்கேன் எடுத்து, ஏற்கெனவே எடுத்த எம்ஆர்ஐ படத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு இடத்தைக் குறிக்கிறார்கள். குறி வைக்கும் இடம் சப்தலாமிக் நியூக்ளியஸ், சின்னப் பயறு அளவுதான். கம்பியின் கனம் ஒன்றேகால் மில்லிமீட்டர். அம்மா முழித்துக்கொண்டேதான் இருந்தார், கரண்ட் விட்டதும் கை எப்படி மாறுகிறது, பேச்சு குழறுகிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும் என்பதால். மூளைக்கு வலி தெரியாது, எலும்பில் துளை போடும் சத்தம்தான் பயங்கரம் என்றார், பல்லுக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி.

இங்கே ஒரு விஷயம், வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். டாக்டர் கன்னடத்தில் முஷ்டி மாடி, பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முஷ்டி மாடி என்றால் கையை மூடு, கன்னடத்தில் அந்தப் பிடிக்கு விடு என்று அர்த்தம். நாற்பது வருஷமாகக் கன்னடம் பேசுகிற அம்மாவுக்கு இது தெரியாதா என்ன. ஆனால் ராத்திரி முழுக்க மாத்திரை இல்லை, சாப்பாடு இல்லை, தலையில் சட்டம். காதில் தமிழ்ப் பிடிதான் விழுந்திருக்கிறது, இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். கை ஏன் விரியவில்லை, கரண்ட் பக்கத்து நரம்பை இழுக்கிறதோ என்று கம்பியை நகர்த்துகிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. கோலார் தங்கவயல் பக்கத்து நர்ஸ் ஒருவர்தான் புரிந்துகொண்டு, அம்மா கையைத் திறங்க என்றார். உடனே திறந்தது. அதற்கப்புறம் எண்ணச் சொன்னதும் தமிழில், மாதம் சொல்லச் சொன்னதும் தமிழில், சித்திரை வைகாசி என்று. பேச்சு லேசாகக் குழறுவதைத் தெரியாத மொழியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: தியேட்டருக்குள் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருப்பாரா? பெங்களூரில் இது கஷ்டமே இல்லை, கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

மறுநாள் பேட்டரியை ஆன்கூட செய்யவில்லை, ஆனால் அம்மாவின் கை நடுங்கவில்லை. நானும் அண்ணனும் அழுதோம், அந்த வீடியோ அப்போது எடுத்ததுதான். கம்பி உள்ளே போனதில் ஏற்படும் சின்ன வீக்கமே இப்படிக் கொஞ்ச நாள் நடுக்கத்தை அடக்கிவைக்கும் என்பதை எங்களிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், சொல்லியிருந்தும் அது மனசில் ஏறவில்லை. மூன்று வாரத்தில் நடுக்கம் பழையபடி வந்துவிட்டது. அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை.

அசல் சிகிச்சை தொடங்குவதே அதற்கப்புறம்தான். ப்ரோகிராமிங் என்பார்கள். ஒரு மாதம் கழித்துக் காலை எட்டு மணிக்கு, மாத்திரை இல்லாமல், ஸ்ரீராமபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் நாலு தொடுபுள்ளிகள் இருக்கின்றன. கையில் பிடிக்கிற டேப்லெட்டில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 130 துடிப்பு என்று வைத்துக்கொண்டு, கரண்டைக் கடுகளவு கடுகளவாகக் கூட்டுகிறார்கள். ஒரு புள்ளியில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. அடுத்ததில் வாய் ஒரு பக்கம் இழுத்தது. இன்னொன்றில் டாக்டர் இரண்டாகத் தெரிகிறார் என்றார் அம்மா. இடது கம்பியின் இரண்டாவது புள்ளியில், கூட்டிக்கொண்டே வரும்போது, வலது கை நின்றது. ஆடிக்கொண்டிருந்த தொங்குவிளக்கை யாரோ கையால் பிடித்து நிறுத்திய மாதிரி. டாக்டர் பேப்பரில் சுருள் வரையச் சொன்னார். அம்மா வரைந்துவிட்டு, பர்ஸைத் திறந்து தன் பழைய எச்எம்டி வாட்சை எடுத்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலுமாகச் சாவி கொடுத்தார். அந்தப் பல்சக்கரத்தின் கிர்ர் கிர்ர் அறைக்குள் கேட்டது. ஏழெட்டு வருஷமாக அந்த வாட்சுக்கு நான்தான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரண்ட் ஏற ஏற மாத்திரையைக் குறைத்தார்கள், எங்கள் விஷயத்தில் அது வேகமாகிவிட்டது. ஏழு வேளை மூன்றானது. அம்மா நடுக்கம் இல்லாமல், ஆட்டம் இல்லாமல், எதிலும் ஆசையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அமைதியாகிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், அதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. மனசுக்கும் டோபமைன் வேண்டும், மாத்திரையை விறுவிறுவென்று குறைத்தால் இந்த ஆர்வமின்மை வரும். ஒருநாள் பேத்தி பரிசு வாங்கிவந்து காட்டியபோது தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து ப்ரோகிராமிங் பார்த்த டாக்டர் ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார். ஏழு வாரம் வேறு டாக்டரே இல்லை. கருவிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், அம்மாவை நடக்கவிட்டுப் பார்க்காமல், கேட்டதற்கெல்லாம் கரண்டைக் கூட்டிவிட்டுப் போனார். பேச்சு குழறி, சாராயம் குடித்தவர் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. போன் செய்தால் வியாழக்கிழமை கிளினிக்குக்கு டோக்கன் இல்லை என்ற ஒரே பதில். பன்னிரண்டு லட்சம் கட்டி, தலையில் இரண்டு துளை போட்டுக்கொண்ட மனுஷிக்கு டோக்கன் இல்லை. ஆறாவது மாதம் இரண்டு மார்க்கூட இல்லை என்று சொன்னது இதற்காகத்தான்.

எட்டாவது மாதம் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். முதல் நாளே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று மணி நேரம். வேறு தொடுபுள்ளிக்கு மாற்றினார், கரண்டைக் குறைத்தார், மாத்திரையை நாலு வேளையாக உயர்த்தினார். இரண்டு வாரத்தில் அம்மா சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார். அதே கம்பி, அதே பேட்டரி, அதே அம்மா. அதனால் நீங்கள் ஆஸ்பத்திரி தேடும்போது எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். ப்ரோகிராமிங் செய்கிற டாக்டர் எத்தனை பேர், அவர் லீவு போட்டால் யார், அவசரத்துக்கு எத்தனை நாளில் பார்ப்பார்கள், போனால் எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் தியேட்டருக்கு ஐந்துக்கு ஐந்து, அந்த ஏழு வாரத்துக்குச் சைபர், புதிய டாக்டருக்கு மறுபடி ஐந்து.

சரி, சீட்டுக்கு வருகிறேன். இடது பக்கம்: நடுக்கம் கிட்டத்தட்ட இல்லை, காய்ச்சல் வந்தாலோ டென்ஷன் ஆனாலோ கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ஆட்டம் போய்விட்டது. ஆஃப் நேரம் ஆறு மணி நேரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை. வெள்ளிக்கிழமை மல்லி வாங்கி, நார் வைத்துத் தானே பூ கட்டுகிறார், முடிச்சு கொஞ்சம் தளர்வாக விழும். பேங்கில் கையெழுத்து போன வருஷம் முதல் தடவையிலேயே ஒத்துப்போனது. வலது பக்கம்: குரல் தாழ்ந்துவிட்டது, போனில் பேசினால் எதிர்ப்பக்கம் புரிவதில்லை, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை, அதனால் அடித்துக் கூப்பிட ஒரு மணியைக் கொடுத்துவைத்திருக்கிறேன். பேலன்ஸ் சரியாகவில்லை, இந்த நாலு வருஷத்தில் இரண்டு முறை விழுந்தார், ஒருமுறை மணிக்கட்டில் எலும்பு விரிசல். சீட்டில் எழுதாத ஒன்றும் உண்டு, ஆறு கிலோ எடை ஏறிவிட்டது, டிபிஎஸ் செய்தவர்களுக்கு இது சகஜம் என்கிறார்கள். இடது பக்கத்துக்காக வலது பக்கத்தைத் தாங்கிக்கொள்வீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். எழுதிக் காட்டினார், பேசினால் நான் சரியாகக் கேட்க மாட்டேன் என்று. மறுபடியும் பண்ணிக்குவேன், ஆனால் இரண்டு வருஷம் முன்னாடியே. எழுத்து பெரிதாக, கோட்டில் நின்றது.

அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பாவில் 251 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு, 60 வயது வரை உள்ளவர்களுக்கு, மாத்திரைச் சிக்கல் தொடங்கிய புதிதிலேயே டிபிஎஸ் செய்து பார்த்தது. இரண்டு வருஷ முடிவில் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் 26 சதவீதம் உயர்ந்தது, மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு உயரவே இல்லை. எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக ஓட வேண்டிய இடமில்லை இது. அதற்காக நோய் தெரிந்த முதல் வருஷத்திலேயே போகவும் கூடாது, அது உண்மையிலேயே பார்க்கின்சன்தான் என்று தெரியவே சில வருஷம் வேண்டும், நாலு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வெட்டாமல் அல்ட்ராசவுண்ட் அலையால் சுடும் முறையும் இப்போது இருக்கிறது. பயந்தவர்களுக்கு அது இழுக்கும், ஆனால் சுட்டது சுட்டதுதான், பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு மூன்று. போன வருஷம் முழங்கால் வலிக்கு ஒரு பிசியோதெரபி சென்டருக்குக் கூட்டிப்போனேன், அங்கே டயதெர்மி, அதாவது அலையால் உள்ளுக்குள் சூடேற்றுவதற்கான மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். உடம்பில் இந்தக் கம்பி இருப்பவர்களுக்கு டயதெர்மி வைத்தால் கம்பி நுனி சூடேறி மூளை வெந்துபோகும், உயிரே போகலாம். உடம்பில் எந்த இடத்தில் வைத்தாலும் சரி, வைக்கவே கூடாது. அந்தப் பையனுக்கு டிபிஎஸ் என்றால் என்னவென்றே தெரியவில்லை, அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது நாம்தான். மெட்ரோவில் வாசல் சோதனையின்போது கருவி அட்டையைக் காட்டி ஓரமாகக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள், ஸ்ரீராமபுரம் ஸ்டேஷனில் இப்போது அம்மாவைப் பார்த்ததுமே வழிவிடுகிறார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்த 9 பேருக்கு, மற்ற அசைவுகள் எல்லாம் நன்றாக இருந்தும், நீச்சல் மட்டும் மறந்துபோனதை 2019-ல் சூரிச் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது எங்களுக்கு இருக்கிற பிரச்சினை நடைதான், திரும்பும்போது கால் ஒட்டிக்கொள்கிறது. துடிப்பை 130-லிருந்து 60-க்கு இறக்கினால் சில பேருக்கு நடையும் பேச்சும் கொஞ்சம் தேறும், ஆனால் நடுக்கம் திரும்ப வரலாம், இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை டோக்கன் கிடைத்திருக்கிறது. புதன் ராத்திரி எட்டு மணி மாத்திரையோடு நிறுத்தி, காலையில் ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். வாட்சை அம்மா இப்போதே பர்ஸில் எடுத்து வைத்துவிட்டார்.